காகிதத்தில் யுஹானி, வாயில் யுக்கா: பின்லாந்தில் ஒரு பெயரைப் புரிந்துகொள்ள

வாடகை ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் பெயர் 'மத்தி யுஹானி' என்றிருக்கும். 'யுஹானி' என்று கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். குடும்பப்பெயரை விட்டுவிட்டு மற்றப் பெயர்களை எல்லாம் எண்ணினால், பின்லாந்து ஆண்களிடம் மிக அதிகம் உள்ள பெயர் யுஹானிதான். ஆனால் பெரும்பாலும் இரண்டாம் பெயராகக் காகிதத்தோடு நின்றுவிடும். கூப்பிடும் பெயர் 'குத்சுமனிமி'. அது எப்போதும் முதற்பெயராகத்தான் இருக்கும் என்றில்லை, கேட்டுக்கொள்வது நல்லது. மேலதிகாரியையும் பெயர் சொல்லியே அழைக்கலாம்.

எழுத்தில் ஜே, ஒலியில் 'ய'. அழுத்தம் முதல் அசையில்.

எபிரேய யோஹனான் கிரேக்கம், லத்தீன் வழியாக யோஹன்னெஸ் ஆகி, பின்னிஷ் நாக்கில் யுஹானி ஆனது. நம் விவிலியத்தின் யோவானும் இதே பெயர்தான். கத்தோலிக்கர் 'அருளப்பர்' என்று பொருளையே பெயராக்கிக்கொண்டார்கள். எழுத்தாளர் யுஹானி அஹோகூட 1861-இல் பிறந்தபோது யோஹன்னெஸ் புரூஃபெல்ட்தான்.

யுஹா, யுஹோ, யுக்கா, யுஸ்ஸி, யன்னே, ஹன்னு எல்லாம் இதே வேரின் கிளைகள். இன்று இவை தனிப்பெயர்கள். யுக்காவை யுஸ்ஸி என்று நீங்களாகச் சுருக்க வேண்டாம்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது வேற்றுமையில். நமக்கு 'வீடு' 'வீட்டுக்கு' என்று இரட்டிக்கிறது, அங்கே நேர்மாறு. யுக்காவுக்கு என்பது 'யுகல்லே', மத்திக்கு 'மதில்லே'. மின்னஞ்சலில் 'யுகல்லே' என்று பார்த்துவிட்டு ஊழியர் பட்டியலில் அப்படியே தேடினால் ஆள் கிடைக்க மாட்டார். இன்னொன்று: ஒற்றைக் ககரத்தை 'முகம்' என்பதில் போலக் குழைக்காமல் வல்லினமாகவே சொல்லுங்கள். யுஹானிக்கு இந்தச் சிக்கல் இல்லை, 'யுஹானில்லே', அவ்வளவுதான்.

குழந்தை பிறந்தால் மூன்று மாதத்துக்குள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். 2019 முதல் குடும்பப்பெயர் நீங்கலாக நான்கு பெயர் வரை வைக்கலாம். தமிழ்ப் பெயர் முன்னால், பின்னிஷ் பெயர் பின்னால் என்று வைத்தாலும், எது கூப்பிடும் பெயர் என்பதை வீட்டில் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நாட்காட்டியில் ஒவ்வொரு பெயருக்கும் ஒதுக்கிய நாள் 'பெயர்நாள்'. யுஹானிகளுக்கு அது ஜூன் 24, திருமுழுக்கு அருளப்பர் பிறந்த திருநாள். அலுவலகத்தில் காப்பியோடு கேக் வரலாம். அருளப்பர் பெயரால் வந்த கோடை விழாவான யுஹன்னுஸோ 1955 முதல் ஜூன் 20-க்கும் 26-க்கும் இடைப்பட்ட சனிக்கிழமைக்கு மாறிவிட்டது. முந்தைய நாள் வெள்ளியன்றே ஊர் காலியாகும், பேருந்துகள் குறையும். பாலும் அரிசியும் வியாழனே வாங்கி வையுங்கள்.