ரூகன் தீவை ஒரே நாளில் ரயிலில் சுற்றிவர

பால்டிக் கடலில் உள்ள ரூகன், ஜெர்மனியின் மிகப்பெரிய தீவு. அதைக் கார் இல்லாமல், ரயிலை மட்டுமே கொண்டு ஒரே நாளில் நிறைவாகச் சுற்றிவர முடியும். ஆனால் திசை முக்கியம்: தெற்கே புட்பஸ் வழியாகச் சென்று, கிழக்குக் கரையிலுள்ள பின்ஸ் வழியாகத் திரும்ப வேண்டும். புட்பஸிலிருந்து நீராவி ரயில் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றுதான் புறப்படுகிறது என்பதால், அதைக் காலையிலேயே பிடித்துவிடுவது நல்லது.

தொடக்கம், தீவுக்கு எதிரே பெருநிலக் கரையிலுள்ள ஸ்ட்ரால்சுண்ட் நகரம். 1936இல் தீவுக்குப் பாலம் அமையும்வரை ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றித்தான் இடையிலுள்ள நீரிணையைக் கடந்தார்கள். இன்று அது சில நிமிடப் பயணம். தீவின் நடுவிலுள்ள பெர்கன் நகரில் இறங்கி, புட்பஸ் செல்லும் சிறிய ரயிலுக்கு மாற வேண்டும். இளவரசர் வில்ஹெல்ம் மால்ட்டே 1810இல் உருவாக்கிய புட்பஸில், வட்டத் திடலைச் சுற்றி வெள்ளை வீடுகள் நிற்கின்றன; இடையில் நேரம் கிடைத்தால் அங்கு நடந்து சென்று வரலாம்.

'ராசண்டர் ரோலாண்ட்' என்று அழைக்கப்படும் நீராவி ரயில், 750 மில்லிமீட்டர் அகலமே உள்ள குறும்பாதையில், 1895 முதல் 1899 வரை கட்டங்கட்டமாகத் திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மிகாத வேகத்தில் கடக்கிறது. இதற்குத் தனிக் கட்டணம் உண்டு; பயணச்சீட்டை ரயிலிலேயே நடத்துநரிடம் வாங்கிக்கொள்ளலாம். போகும்போது பின்ஸில் இறங்காமல் செல்லின் வரையோ, கடைசி நிலையமான கோரன் வரையோ செல்லுங்கள். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் செல்லினையே சொல்வேன். அங்கே கடலுக்குள் 394 மீட்டர் நீளும் நடைபாலம் ஒன்றுக்காகவே இறங்கலாம்.

திரும்பும் வழியில் கிரானிட்ஸ் வேட்டை மாளிகை நிறுத்தத்தில் இறங்கி, உயர்ந்த பீச் (beech) மரக்காட்டினூடே மலையேற வேண்டும். மாளிகையின் நடுவில் கட்டடக் கலைஞர் ஷிங்கெல் வடிவமைத்த 38 மீட்டர் கோபுரம் உள்ளது. அதன் வார்ப்பிரும்புச் சுருள்படிகள் 154. படிகளின் துளைகள் வழியே கீழ்த்தளம் தெரியும் என்பதால், உயரத்துக்கு அஞ்சுவோர் யோசித்து ஏறட்டும். ஏறியவர்களுக்குத் தீவின் கடற்கரையும் காடுகளும் ஒருசேரக் காணக் கிடைக்கும்.

அடுத்த ரயிலில் பின்ஸ் வந்தால், பலர் திணறும் இடம் இதுதான்: இங்கே இரண்டு ரயில் நிலையங்கள் இருக்கின்றன. நீராவி ரயிலின் நிலையத்துக்கும் ஸ்ட்ரால்சுண்ட் செல்லும் ரயிலின் நிலையத்துக்கும் இடையே சுமார் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். கடற்கரை நடைபாதை வழியாகச் செல்வது இன்பமானதே. ஆயினும் அதற்கு முக்கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

வெளிச்சம் மிஞ்சியிருந்தால் வழியில் ப்ரோராவிலும் இறங்கலாம். நாஜி ஆட்சி 1936 முதல் 1939 வரை இருபதாயிரம் பேருக்கான விடுமுறை விடுதியாகக் கட்டி, போரால் கைவிட்ட நான்கரை கிலோமீட்டர் நீளக் கட்டடத் தொடர் அங்கே கடலோரம் நிற்கிறது.

தீவின் வடகிழக்கிலுள்ள யாஸ்முண்ட் தேசியப் பூங்காவின் சுண்ணப் பாறைகளை இதே நாளில் சேர்க்க வேண்டாம். 118 மீட்டர் உயரமுள்ள கோனிக்ஸ்டூல் பாறையைக் காண ஸாஸ்னிட்ஸ் நகருக்குச் சென்று, அங்கிருந்து பேருந்தும் பிடிக்க வேண்டும். அதற்கு இன்னொரு நாளை ஒதுக்கி, லீட்சோ நிலையத்தில் ரயில் மாறிச் செல்வதே சரியான வழி.