பிளாட் செயற்கூறு: எண் வரிசைகளை இருபரிமாண வரைபடமாக்கும் முறை

பைத்தான் நிரல்மொழியில் எண் வரிசைகளை வரைபடமாக மாற்றப் பெரும்பாலோர் நாடுவது, ஜான் ஹண்டர் உருவாக்கி 2003இல் வெளிவந்த மேட்பிளாட்லிப் என்னும் நூலகத்தை, அதாவது ஆயத்த நிரல்களின் தொகுப்பைத்தான். அதன் பைபிளாட் பகுதியில் உள்ள பிளாட் என்னும் செயற்கூறு (பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதி), தொடக்க நிலையில் நமக்குத் தேவையான பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும். கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி எழுதியுள்ளேன். நிரலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சிட வேண்டும்.

முதலில் தரவை ஆயத்தம் செய்வோம். வெந்நீர் ஆறுவதை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளப்பதாகக் கொள்ளலாம். நேரத்துக்கு 0, 5, 10, 15, 20 என்று ஒரு பட்டியல். திறந்த பாத்திரத்தின் வெப்பநிலைக்கு 90, 72, 59, 50, 44 என்று மற்றொன்று. மூடிய பாத்திரத்துக்கு 90, 81, 73, 66, 60 என்று மூன்றாவது. இவை எடுத்துக்காட்டுக்கான எண்களே.

அடுத்து, நேரப் பட்டியலையும் திறந்த பாத்திரத்தின் பட்டியலையும் அதே வரிசையில் பிளாட்டுக்குக் கொடுத்து, இறுதியில் ஷோ கட்டளையை அழைத்தால், நீலக் கோடு ஒன்று திரையில் தோன்றும். இரண்டு பட்டியல்களின் நீளமும் ஒன்றாக இல்லாவிட்டால் பிழைச் செய்தி வரும். அது நல்லதே, உடனே திருத்திவிடலாம். ஆனால் நேரப் பட்டியல் ஏறுவரிசையில் இல்லாதபோது எந்த எச்சரிக்கையும் வராது. கொடுத்த வரிசையிலேயே புள்ளிகளை இணைப்பது பிளாட்டின் இயல்பு என்பதால், கோடு முன்னும் பின்னுமாக ஓடி வரைபடம் சிக்கிக் கிடக்கும். ஒரே ஒரு பட்டியலைக் கொடுத்தால், அதைச் செங்குத்து அச்சுக்கு உரியதாகக் கொண்டு, கிடை அச்சுக்கு 0, 1, 2 என்று தானே எண்ணிட்டுக்கொள்ளும்.

இனி தோற்றத்தை மாற்றலாம். மூன்றாவதாக ஒரு குறுஞ்சரத்தை, அதாவது சில எழுத்துகளும் குறிகளும் சேர்ந்த சிறு தொடரைத் தந்தால் நிறம், புள்ளி வடிவம், கோட்டின் வகை ஆகிய மூன்றும் ஒருசேர அமையும். ஆர் என்னும் எழுத்து சிவப்பையும், பி நீலத்தையும், கே கறுப்பையும் குறிக்கும். ஓ வட்டப் புள்ளி, எஸ் சதுரம். ஒற்றைச் சிறுகோடு தொடர்கோட்டையும், இரட்டைச் சிறுகோடு விட்டுவிட்டு வரும் கோட்டையும் தரும். புள்ளி வடிவத்தை மட்டும் சொல்லிக் கோட்டின் வகையைச் சொல்லாமல் விட்டால் கோடே வரையப்படாது என்பது புதியவர்களைத் திகைக்க வைக்கும் இடம். குறுஞ்சரம் விரைவான சோதனைக்கு ஏற்றது. பிறர் படிக்கப்போகும் நிரலில் கலர், மார்க்கர், லைன்ஸ்டைல், லைன்விட்த் என்று அளபுருக்களை (செயற்கூறுக்கு நாம் தரும் மதிப்புகள்) பெயர் சொல்லித் தருவதே தெளிவு. கோட்டின் தடிமன் இயல்பாக 1.5 பாயிண்ட் (அச்சுத் துறையின் அளவலகு) இருக்கும்.

மூடிய பாத்திரத்தின் வரிசையைச் சேர்க்க, ஷோவுக்கு முன் பிளாட்டை இன்னொரு முறை அழைத்தால் போதும். நிறம் தானாக மாறும். எனினும் நிறத்தை மட்டும் நம்புவது சரியன்று. கறுப்பு வெள்ளையில் அச்சிடும்போதும், நிற வேறுபாடு எளிதில் புலப்படாதவர்கள் பார்க்கும்போதும் இரண்டு கோடுகளும் ஒன்றுபோலத் தெரியலாம் என்பதால், கோட்டின் வகையையும் மாற்றிவிட வேண்டும். ஒவ்வொரு அழைப்பிலும் லேபிள் தந்து, பிறகு லெஜண்ட் கட்டளையை அழைத்தால்தான் எந்தக் கோடு எதற்குரியது என்னும் குறிப்புப் பெட்டி தோன்றும்.

அச்சுகளின் பெயருக்கு எக்ஸ்லேபிள், ஒய்லேபிள், தலைப்புக்கு டைட்டில். இவற்றைத் தமிழில் தருவதாக இருந்தால், இயல்பு எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லாததால் வெறும் கட்டங்களே தெரியும். கணினியில் நிறுவியுள்ள தமிழ் எழுத்துரு ஒன்றை அமைப்பில் குறிப்பிட்டுவிட்டு, கொம்புகள் உரிய இடத்தில் விழுகின்றனவா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அச்சின் எல்லைகளைத் தரவுக்கேற்ப நூலகமே வகுப்பதால், நம் வரைபடத்தின் செங்குத்து அச்சு 40ஐ ஒட்டியே தொடங்கும். வெப்பநிலை அடிமட்டத்துக்கே வீழ்ந்ததுபோல் தோன்றும். ஒய்லிம் கட்டளையில் 0, 100 என்று தந்தால் வீழ்ச்சி அதன் உண்மையான அளவில் தெரியும்.

படத்தைக் கோப்பாகச் சேமிக்க சேவ்ஃபிக் உள்ளது. இயல்பு அளவான 6.4 அங்குல அகலம், 4.8 அங்குல உயரத்தில் டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை படப்புள்ளிகள்) அளபுருவை 300 என்று வைத்தால் 1920க்கு 1440 படப்புள்ளிகள் கிடைக்கும். இந்தக் கட்டளையை ஷோவுக்கு முன்பே எழுத வேண்டும். பின்னால் எழுதினால், சாளரத்தை மூடியதும் படம் விடுவிக்கப்பட்டுவிடுவதால், கோப்பில் வெற்று வெண்பரப்பே எஞ்சும்.