வீடியோ காலில் டாக்டரைப் பார்க்கும் முன்

ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள், முகம் இருட்டாகத் தெரியும். வெளிச்சம் முகத்தில் விழட்டும். கண் மஞ்சளா, முகம் வீங்கியிருக்கிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டுமே!

மாத்திரைப் பெயர் வாயில் நுழையாவிட்டால் அட்டையையே கேமரா முன் காட்டுங்கள். அம்மாவின் பிரஷர் அளவை மூன்று நாள் முன்பிருந்தே காலண்டர் தாளின் பின்புறம் குறித்துவிடுவேன். "கொஞ்சம் அதிகமா இருந்துச்சு டாக்டர்" என்பதைவிட "காலை 7 மணிக்கு 150/90" என்பது எவ்வளவோ மேல்.

பேச்சை அம்மாவிடமே விட்டுவிடுங்கள். நாம் குறுக்கே புகுந்தால் அவர் பாதியை விழுங்கிவிடுவார்.

எந்த மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள். மருந்துச் சீட்டை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குங்கள். 2020 டெலிமெடிசின் வழிகாட்டுதல்படி அதில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் வீடியோவுக்குக் காத்திருக்காமல் உடனே 108.