கரன்ட் போனாலும் சோலார் ஓட என்ன செய்ய வேண்டும்?

மாடியில் 3 கிலோவாட் பேனல் இருந்தும் கரன்ட் போனதும் ஃபேன் நிற்கிறதா? பழுது இல்லை. லைன் போனதும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டரும் (மின்வாரிய லைனோடு சேர்ந்தே ஓடும் வகை) நின்றுவிட வேண்டும். இல்லையென்றால் கம்பத்தில் ஏறிய லைன்மேனுக்கு உங்கள் பேனல் ஷாக் கொடுக்கும். ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் (பேனல், பேட்டரி, லைன் மூன்றையும் கையாள்வது) பேட்டரியும் சேர்ப்பதே வழி. நெட் மீட்டர் (லைனுக்கு நீங்கள் கொடுக்கும் மின்சாரத்தையும் கணக்கிடுவது) இருந்தால் முதலில் மின்வாரியத்தில் கேளுங்கள்.

1. லோடு கணக்கு: சாதா ஃபேன் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் (மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ளது) 30. மூன்று பிஎல்டிசி ஃபேன், ஐந்து 9 வாட் பல்பு, வைஃபை 10, ஃபிரிட்ஜ் சராசரி 50: மொத்தம் 195 வாட். ஆறு மணி நேரத்துக்கு 1,170 வாட்-அவர். அதுவே சாதா ஃபேன் என்றால் 1,980.

2. பேட்டரி: 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்) டியூபுலர் (ஈய-அமில வகை) இரண்டு, சீரீஸில் (ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து) 24 வோல்ட். காகிதத்தில் 3,600 வாட்-அவர். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். பாதியான 1,800-இல் இன்வெர்ட்டர் இழப்பு 15% போனால் மிச்சம் 1,530: பிஎல்டிசி ஃபேனுக்குப் போதும், சாதா ஃபேனுக்குப் போதாது. ஆக, பேட்டரியைக் கூட்டுவதற்கு முன் ஃபேனை மாற்றுங்கள், அதுதான் மலிவு. 25.6 வோல்ட் 100 ஏஎச் லித்தியம் ஒன்றே இதைவிடச் சற்று அதிகம் தரும்.

3. பேனல் வோல்டேஜ்: பலர் கோட்டை விடும் இடம். 540 வாட் பேனலின் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் (லோடு இணைக்காதபோது வருவது) ஏறத்தாழ 49. ஆறு சீரீஸில் இருந்தால் 294. பேனல் வோல்டேஜுக்கு உச்ச வரம்பு 145 வோல்ட் உள்ள இன்வெர்ட்டரில் இதைக் கொடுத்தால் போர்டு போய்விடும்.

4. வயரிங்: பேக்கப் அவுட்புட்டுக்குத் தனி டிபி (டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸ்), தனி நியூட்ரல். நியூட்ரல் மெயினோடு கலந்தால் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கும். ஏசி, கீசர், மோட்டார் இதில் வேண்டாம்; 1 எச்பி மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஐந்தாறு மடங்கு கரன்ட் இழுக்கும். 3 கிலோவாட் முழு லோடில் பேட்டரி கேபிளில் 140 ஆம்பியர் ஓடும்: 35 சதுர மி.மீ. தாமிரம், நீளம் குறைவாக, பேட்டரி அருகிலேயே டிசி ஃபியூஸ். வீட்டு மாறுமின்சாரத்துக்கான சாதா எம்சிபி (பிரேக்கர்) பேட்டரியின் டிசி-யை (நேர்மின்சாரம்) நம்பகமாக அறுக்காது. லக் (கேபிள் முனை இணைப்பு) தளர்ந்தால் சூடாகி உருகும்.

5. செட்டிங்: பேட்டரி வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள், டியூபுலருக்கு சார்ஜ் 15 ஆம்பியர். லோடுக்கு மின்சாரம் எடுக்க 'சோலார்-பேட்டரி-கிரிட்' வரிசை வைத்தால் மாலையிலேயே பேட்டரி தீரும். இரவு கரன்ட் போகும்போது கைவிரிக்கும். 'சோலார்-கிரிட்-பேட்டரி' வையுங்கள்.

6. சோதனை: வெயில் நேரத்தில் மெயினை ஆஃப் செய்து, எல்லா லோடும் போட்டு அரை மணி ஓடவிட்டு, லக்குகள் சூடாகின்றனவா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.