ஜிஆர்இ மதிப்பெண் போதுமா என்று கணிப்பது எப்படி?

முதுநிலை, ஆய்வுப் படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வில் வெர்பல் (மொழித்திறன்) 152, குவான்ட் (கணிதத்திறன்) 163 எடுத்த ஒருவர் இது போதுமா என்று கேட்டால், எந்தத் துறைக்கு என்று தெரியாமல் விடை சொல்ல முடியாது. இரண்டையும் கூட்டி 315 என்று எழுதிக்கொண்டு, 320-ஐத் தொடவில்லையே என்று கலங்குவது பரவலான பழக்கம். ஆனால் தேர்வை நடத்தும் இடிஎஸ் அனுப்பும் அறிக்கையில் அந்தக் கூட்டுத்தொகையே கிடையாது. வெர்பலும் குவான்ட்டும் தலா 130 முதல் 170 வரை, எழுத்துத் திறன் 0 முதல் 6 வரை என மூன்றும் தனித்தனியாகவே தரப்படுகின்றன. ஆகவே கூட்டலை மறந்துவிட்டு, உங்கள் துறைக்கு முக்கியமான பகுதி எது என்பதிலிருந்து தொடங்குங்கள். பொறியியலுக்கும் பொருளியலுக்கும் குவான்ட் முதலில் பார்க்கப்படும். வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளில் வெர்பலும் எழுத்தும் அதிகம் பேசும்.

அடுத்து, மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் அச்சாகும் பர்சென்டைலை, அதாவது எத்தனை விழுக்காட்டினரை முந்தியிருக்கிறீர்கள் என்பதை, பாருங்கள். வெர்பலில் 160 எடுத்தவர் தேர்வெழுதியோரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேரை முந்தியிருப்பார். குவான்ட்டில் அதே 160 கிட்டத்தட்ட நடுவில்தான் நிற்கும். கணக்கில் வலுவானவர்கள் பெருமளவில் எழுதுவதால், அங்கே மேல்நிலையில் நெரிசல் அதிகம். இரண்டிலும் 160 எடுத்தவர் தம்மைச் சமநிலையாளர் என்று நினைத்துக்கொள்வது இதனால்தான் தவறு.

இதன்பின் துறையின் சேர்க்கைப் பக்கத்துக்குச் செல்லலாம். பெரும்பாலானோர் சறுக்கும் இடம் இது என்பதால், சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். அங்கே இருக்கும் எண் குறைந்தபட்சத் தகுதியா, பரிந்துரைக்கப்படும் அளவா, சென்ற ஆண்டு சேர்ந்தவர்களின் சராசரியா என்பதை முதலில் பிரித்தறியுங்கள். குறைந்தபட்சம் என்பது விண்ணப்பத்தைப் பிரித்துப் பார்ப்பதற்கான வாசல்தான். அதைத் தாண்டியவர் அனைவருக்கும் இடம் கிடைப்பதில்லை. சராசரி அதற்கு நேர்மாறானது: சராசரிக்குக் கீழே இருந்தவர்களும் அந்த வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள். குவான்ட் சராசரி 167 என்று ஒரு துறை குறிப்பிட்டால், 165 எடுத்தவர் ஒதுங்க வேண்டியதில்லை. ஓரிரு புள்ளி வேறுபாடு தேர்வு நாளின் ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிவிடும். தொடக்கத்தில் சொன்ன 163-க்கு அந்தத் துறை எட்டாததல்ல என்றாலும், இளநிலை மதிப்பெண்ணோ ஆய்வு அனுபவமோ தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். இதற்கிடையே ஜிஆர்இ கட்டாயமில்லை என்றோ, அனுப்பினாலும் பார்க்க மாட்டோம் என்றோ அறிவித்துள்ள துறைகளும் பல. இரண்டாம் வகையில் இந்தக் கேள்வியே எழாது.

எண் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதையும் சரிபாருங்கள். மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வு 2024-இல் முழுமையாகப் புதிய வடிவுக்கு மாறி, 205 முதல் 805 வரையான அளவுகோலுக்கு வந்தது. பர்சென்டைல் அடிப்படையில் பழைய 700 இப்போது ஏறத்தாழ 645-க்குச் சமம் என்பதால், பழைய பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தமது 655-ஐக் குறைவென்று எண்ணுபவர் வீணாக அஞ்சுகிறார்.

மீண்டும் எழுதுவதா என்ற முடிவு கடைசியில் வரட்டும். ஜிஆர்இயை 21 நாள் இடைவெளி விட்டு, 12 மாதங்களுக்குள் ஐந்து முறை வரை எழுதலாம். எந்த அமர்வின் மதிப்பெண்ணை அனுப்புவது என்பதும் உங்கள் விருப்பம். ஆனால் ஒரு நாளின் வெர்பலையும் வேறொரு நாளின் குவான்ட்டையும் பிய்த்து எடுத்து ஒட்டி அனுப்ப இயலாது. குவான்ட் 158 எடுத்த ஒருவர், நேரத்தை வைத்து எழுதிய மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து 164 எடுத்து வந்தால், மறுமுறை எழுதுவதில் பொருள் உண்டு. மாதிரித் தேர்விலும் 158-ஐச் சுற்றியே நின்றால், அந்த வாரங்களை நோக்க அறிக்கைக்கு (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தில் விளக்கும் கட்டுரைக்கு) செலவிடுவது நல்லது என்பது என் கருத்து. கடைசி நாள் டிசம்பர் 15 என்றால், அதிகாரப்பூர்வ மதிப்பெண் வர 8 முதல் 10 நாள் ஆகும் என்பதால், டிசம்பர் முதல் வாரத்துக்குப் பின் எழுதும் தேர்வு அந்த விண்ணப்பத்துக்கு உதவுமென்று நம்ப முடியாது.