நெட் ஜீரோவா? ஈ.பி. பில்லை எடுத்து மேஜையில் வையுங்கள், அப்புறம் பேசலாம்

நெட் ஜீரோ, அதாவது வெளியே விடும் கரியமில வாயுவும் திரும்ப உறிஞ்சப்படுவதும் சமமாகிக் கணக்கு பூஜ்ஜியமாவது, என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது மேடை, பொன்னாடை, புரிந்துணர்வு ஒப்பந்தம், குரூப் போட்டோ. அரசு ஒரு வருடத்தைச் சொல்லும். இந்தியா 2021இல் கிளாஸ்கோவில் 2070 என்று சொன்னது. கம்பெனிகள் ஆளுக்கொரு வருடம் சொல்லும். கைதட்டல் ஓய்ந்ததும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இங்கே எழுதப்போவது அதைப் பற்றி இல்லை. ஐம்பது பேர், இருநூறு பேர் வேலை பார்க்கும் ஒரு யூனிட்டை நடத்துகிறவர், அல்லது அப்படிப்பட்ட யூனிட்களின் சங்கத்தில் செயலாளராக மாட்டிக்கொண்டவர், அரசோடு சேர்ந்து புகையைக் குறைக்க எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பதுதான் விஷயம். திருப்பூரை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பாடத்தை ஒரு தடவை ரொம்ப ஃபீஸ் கட்டிப் படித்த ஊர் அது.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யல் ஆற்றில் சாயத் தண்ணீர், ஒரத்துப்பாளையம் அணையில் உப்பு, கீழே இருந்த விவசாயிகளின் கிணறும் தென்னையும் போச்சு. பல வருடம் வழக்கு நடந்தது, கெடு மேல் கெடு கொடுக்கப்பட்டது, கடைசியில் பூட்டு. அதற்கு முன்பும் சட்டம் இருந்தது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருந்தது, பொது சுத்திகரிப்பு நிலையங்கள் கூட இருந்தன. ஆனால் சுத்திகரித்த பிறகு மிஞ்சும் உப்புக் கரைசலை என்ன செய்வது என்று யாரிடமும் உருப்படியான பதில் இல்லை. பட்டறைக்காரர் மேல் அதிகாரிக்கு நம்பிக்கை இல்லை, அதிகாரி சொல்லும் தொழில்நுட்பத்தின் மேல் பட்டறைக்காரருக்கு நம்பிக்கை இல்லை. பூட்டு விழுந்த பிறகுதான் மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது, அருள்புரம் நிலையத்தில் அந்த உப்புக் கரைசலையே திரும்பச் சாயத்துக்குப் பயன்படுத்தும் முறையை ஓட்டிப் பார்த்தார்கள், அது ஓடியது, மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். அதாவது அரசின் பணமும் தொழில்காரரின் பணமும் பொறியாளரின் சோதனையும் ஒரே இடத்தில் சேர்ந்தபோதுதான் வேலை நடந்தது. இதையே ஐந்து வருடம் முன்னால் செய்திருந்தால் எத்தனை பேர் வேலையிழக்காமல் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு, பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக்கூடாது என்ற அந்த ஏற்பாடு மின்சாரத்தையும் நீராவியையும் தின்று ஓடுவது. தண்ணீரில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் உப்புத் தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சி வற்ற வைக்க எரிக்கும் விறகையும் கரண்டையும் அன்றைக்கு யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஆற்றைக் காப்பாற்ற வானத்தில் கொஞ்சம் கடன் வைத்தோம். அடுத்த தடவை அரசும் தொழிலும் உட்காரும்போது இரண்டையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு உட்கார வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் உங்கள் யூனிட் எத்தனை டன் கரியமில வாயு விடுகிறது என்ற எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். இதற்கு கன்சல்டன்ட் வேண்டாம், ஒரு மாலை நேரம் போதும். போன 12 மாத ஈ.பி. பில், விறகு அல்லது நிலக்கரி வாங்கிய ரசீது, ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசல், அவ்வளவுதான். நம் நாட்டு கிரிட் மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்துக்கொள்ளலாம். மத்திய மின்சார ஆணையம் வருடா வருடம் இந்த எண்ணை வெளியிடுகிறது. மாதம் ஒரு லட்சம் யூனிட் ஓட்டினால் 70 டன். விறகு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. விறகு எரித்தால் கார்பன் கணக்கில் வராது, மரம்தான் திரும்ப வளர்ந்துவிடுமே என்பார்கள். சீமைக் கருவேலத்தை வெட்டி, அது மறுபடி துளிர்த்தால் அந்தப் பேச்சு ஓரளவு நிற்கும். எங்கிருந்து வந்தது என்றே தெரியாத லாரி லோடுக்கு அதைச் சொல்ல முடியாது. ரசீதில் ஊர்ப் பெயராவது இருக்கட்டும்.

கணக்கு வந்ததும் சோலார் ஆளைக் கூப்பிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் யூனிட்டுக்குள் தனியாகப் போய் நில்லுங்கள். மிஷின் எதுவும் ஓடவில்லை, ஆனால் மூலையில் கம்ப்ரசர் மட்டும் நாலு நிமிடத்துக்கு ஒரு தரம் தானே எழுந்து உறுமிவிட்டு அடங்கும். யாருமே காற்றைப் பயன்படுத்தாதபோது அது யாருக்காக ஓடுகிறது? லைனோடு நடந்தால் உஸ்ஸ் என்று கேட்கும், சோப்புத் தண்ணீரைத் தடவினால் நுரை ஊதும். கவனிக்காத கம்ப்ரசர் லைன்களில் 20 முதல் 30 சதவீதக் காற்று இப்படிக் கசிவிலேயே போவது சாதாரணம். அடுத்தது பாய்லர். நீராவி குளிர்ந்து வெந்நீராகி வரும் குழாய் நேராகச் சாக்கடைக்குப் போகிறதா என்று பாருங்கள். பாய்லருக்குப் போகும் தண்ணீரின் வெப்பம் 6 டிகிரி கூடினால் எரிபொருளில் ஏறக்குறைய 1 சதவீதம் மிச்சம். 30 டிகிரியில் போகிற தண்ணீர் 60 டிகிரியில் போனால் 5 சதவீதம். பக்கத்தில் விறகு லோடு இறங்கிக்கொண்டிருக்கும், இந்தப் பக்கம் வெந்நீர் ஆவி பறக்கச் சாக்கடையில் ஓடிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட பட்டறைக்காரர் பசுமை மானியம் கேட்டு மனு கொடுத்தால் அந்த மனுவுக்கு என்ன மரியாதை இருக்கும்?

அப்புறம், தனியாகப் போகாதீர்கள். அரசுக்கு ஒரு யூனிட் கண்ணிலேயே படாது, நாற்பது யூனிட் சேர்ந்தால் படும். எல்.இ.டி. பல்ப் கதை ஞாபகம் இருக்கிறதா? 2014இல் மத்திய அரசின் எரிசக்தி சேவை நிறுவனம் ஒரு பல்பை 310 ரூபாய்க்கு வாங்கியது, 2016இல் அதே நிறுவனம் வாங்கிய விலை 38 ரூபாய். இதில் மானியம் கிடையாது. கோடிக்கணக்கில் வாங்குகிறோம், டெண்டரில் விலையைச் சொல்லுங்கள் என்றார்கள், தயாரிப்பாளர்களுக்கு ஆர்டர் உறுதியானது, விலை விழுந்தது. கூட்டாக வாங்குவது என்ற ஒரே யுக்தி. ஒரே மாதிரி மோட்டார், கரண்டில் தண்ணீரைச் சூடாக்கும் ஒரே மாதிரி ஹீட் பம்ப் வேண்டிய யூனிட்கள் ஓர் ஊரில் நாற்பது இருந்தால், சங்கம் பட்டியல் போட்டு, மாவட்டத் தொழில் மையத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதையே செய்யலாம். கடனுக்கும் அப்படித்தான். மத்திய எரிசக்தித் திறன் செயலகம் 2025இல் கொண்டுவந்த அடீட்டி என்ற திட்டத்தில் குறு, சிறு நிறுவனங்களுக்கு 5 சதவீதமும் நடுத்தர நிறுவனங்களுக்கு 3 சதவீதமும் வட்டிச் சலுகை உண்டு. ஆனால் மிச்சமானதை அளந்து காட்ட வேண்டும். அளப்பதற்கு முதலில் மீட்டர் வேண்டும், இன்றைக்கும் பல யூனிட்களில் மெயின் மீட்டரைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

அடுத்து, கேட்பதைக் கூர்மையாகக் கேளுங்கள். இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. "பசுமைத் தொழிலை அரசு ஊக்குவிக்க வேண்டும்" என்று எழுதிய மனுவில் எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட முடியாது, அதில் கையெழுத்துப் போட இடமே இல்லை. "இந்தத் துணை மின்நிலையத்தில் எங்கள் பன்னிரண்டு இணைப்புகளுக்குக் காற்றாலை மின்சாரம் கொண்டுவர ஓப்பன் ஆக்சஸ் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம், தடையாக இருப்பது இந்த மீட்டர் மாற்றம்" என்று எழுதினால் அது வேலையாகிறது. ஓப்பன் ஆக்சஸ் என்றால் மின்வாரியத்தின் கம்பி வழியாகவே வேறு உற்பத்தியாளரின் மின்சாரத்தைக் கொண்டுவருவது. 2022இல் வந்த மத்திய விதிகள் பசுமை மின்சார ஓப்பன் ஆக்சஸுக்கான வரம்பை 1 மெகாவாட்டிலிருந்து 100 கிலோவாட்டுக்கு இறக்கிவிட்டன. முன்பு மில்காரருக்கு மட்டும் திறந்திருந்த கதவு இப்போது பனியன் கம்பெனிக்கும் திறந்திருக்கிறது. கூட்டாகச் சொந்த உற்பத்தி என்று போனால், பயன்படுத்துகிறவர்கள் சேர்ந்து அந்த மின் உற்பத்தி நிறுவனத்தில் குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்திருக்க வேண்டும், வருட உற்பத்தியில் 51 சதவீதமாவது அவர்களே பயன்படுத்த வேண்டும். இந்தக் கணக்கு எந்த வருடமாவது தவறினால் கூடுதல் கட்டணம் தலையில் விழும், ஆகவே பங்கு ஒப்பந்தத்தை ஆடிட்டரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஆடிக்காற்றில் உற்பத்தியான யூனிட்டை மார்கழியில் பயன்படுத்த முடியுமா என்பதில் பழைய காற்றாலைக்கும் புதியதற்கும் விதி வேறு, அதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

காற்றாலை என்றதும் அரசுப் பக்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. 1986இல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் அரசு தன் செலவில் காத்தாடி நட்டு ஓடுகிறது என்று காட்டியது, பின்னால் தனியார் முப்பந்தல், ஆரல்வாய்மொழி என்று குவிந்தார்கள். யாரும் தொடாத ரிஸ்க்கை முதலில் அரசு எடுத்தது, சரியான வரிசை. ஆனால் வரிச்சலுகையில் கோட்டை விட்டோம். தேய்மானச் சலுகை காற்றாலை நட்டதற்குக் கிடைத்தது, எவ்வளவு உற்பத்தி செய்தது என்பதற்கு இல்லை. மார்ச் மாதக் கடைசியில் வரி மிச்சத்துக்காக நட்டவர்களும் உண்டு. 2012இல் சலுகை நின்றதும் நாடு முழுவதும் புதிதாக நடுவது பாதியளவுக்குச் சரிந்தது, 2014இல் மறுபடி கொடுத்தார்கள். இப்படி விதியை ஆட்டினால் எந்த பேங்க் மேனேஜர் பதினைந்து வருடக் கடன் கொடுப்பார்? கட்டணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, பத்து வருடத்துக்கு மாற்றாதீர்கள் என்று கேட்பதுதான் சங்கங்கள் கேட்க வேண்டிய முதல் சலுகை.

அந்தப் பழைய காத்தாடிகளில் பல 225, 250 கிலோவாட் வகை, அருமையான காற்று வீசும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. அதே இடத்தில் இன்று 2 மெகாவாட்டுக்கு மேல் உள்ளதை நடலாம், தமிழக அரசு 2024இல் இதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. சிக்கல் என்னவென்றால் பெரிய காத்தாடிக்கு இடைவெளி அதிகம் வேண்டும், பக்கத்து நிலம் வேறொருவருடையது, அவருடைய காத்தாடியும் அங்கே நிற்கிறது. நாலு முதலாளிகள் பேசி ஒன்றாக்கினால்தான் நடக்கும். அதை அரசாணை போட்டுச் செய்ய முடியாது, சங்கம் உட்காரவைத்துப் பேச வேண்டும். மின்பாதை திறனைக் கூட்டுவதோ அரசு மட்டுமே செய்யக்கூடியது.

ஒரு சின்ன அனுபவம். ஒரு குழுவோடு ஓர் அலுவலகத்துக்கு ஒரே வருடத்தில் மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் நாற்காலியில் வேறு வேறு ஆள். ஒவ்வொருவரிடமும் கதையை முதலிலிருந்து சொன்னோம், மூன்றாமவர் நல்ல மனிதர், ஆனால் முந்தைய கூட்டத்தின் குறிப்பு எதுவுமே அவர் கோப்பில் இல்லை. அதிலிருந்து கூட்டம் முடிந்த அன்றைக்கே பேசியதை ஒரு பக்கமாக எழுதி, தேதி போட்டு, தபாலில் சேர்த்து சீல் வாங்கிவிடுவேன்.

வெளிநாட்டு நெருக்கடியையும் மறைக்க வேண்டாம். இறக்குமதிச் சரக்கைத் தயாரிக்கும்போது வெளியான கரியமில வாயுவுக்காக ஐரோப்பா போடும் எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரியில் முழுதாக அமலுக்கு வந்தது, இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்றவற்றுக்கு. துணி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பனியன் வாங்கும் பையர்கள் அந்த வரிக்காகக் காத்திருக்கவில்லை, ஆர்டர் தரும் முன்பே உங்கள் கரியமில வாயு எண்ணைக் கேட்கிறார்கள். அப்போது இல்லாத எண்ணைச் சொல்லாதீர்கள். காற்றாலை, சோலார் மின்சாரத்துக்குக் கிடைக்கும் பசுமைச் சான்றிதழை ஒருவருக்கு விற்றுவிட்டு அதே மின்சார யூனிட்டை நம் கணக்கிலும் காட்டினால் ஆடிட்டில் பிடித்துவிடுவார்கள்.

முதல் கூட்டத்துக்குப் போகும்போது கையில் மூன்று தாள் போதும்: நாற்பது யூனிட்டின் 12 மாதக் கணக்கு ஒன்று, சொந்தச் செலவில் ஏற்கனவே அடைத்த கசிவுகளின் பட்டியல் ஒன்று, அந்த அதிகாரியால் அந்த மாதத்துக்குள் கையெழுத்துப் போட முடிந்த ஒரே ஒரு கோரிக்கை ஒன்று. பொன்னாடை வேண்டாம். இரண்டாவது தாளை முதலில் நீட்டுங்கள்.