'ஆஃப் மைஸ் அண்ட் மென்' படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கின் இந்த நாவல் 1937-இல் வந்தது. பண்ணை பண்ணையாகக் கூலி வேலைக்குப் போகும் இரண்டு நண்பர்கள் ஜார்ஜும், மனவளர்ச்சி குன்றிய லென்னியும்; அவர்கள் வேலைக்குச் சேரும் பண்ணையின் முதலாளி மகன் கர்லி. ஒரே மூச்சில் படித்துவிடலாம். அதனாலேயே பலரும் 'கர்லி கெட்டவன், லென்னி பாவம், ஜார்ஜ் நல்ல நண்பன்' என்று முடித்துவிடுகிறார்கள்.

பெரிய தவறு, ஆட்களை வலியவர், எளியவர் என்று இரண்டு கட்சியாகப் பிரிப்பது. நாலாவது பகுதியை நிதானமாகப் படியுங்கள். பண்ணையில் க்ரூக்ஸ் ஒருவர்தான் கறுப்பினத்தவர். மற்றவர்கள் தங்கும் கொட்டகையில் அவருக்கு இடமில்லை; குதிரைச் சேணங்கள் வைக்கும் அறையில் தனியாகக் கிடக்கிறார். அங்கே வெள்ளந்தியாக வந்து நிற்கிறான் லென்னி. 'ஜார்ஜ் திரும்பி வராவிட்டால்?' என்று திரும்பத் திரும்பக் கேட்டு அவனைத் துடிக்க வைக்கிறார் க்ரூக்ஸ். அதில் அவர் முகம் மலர்கிறது. காலமெல்லாம் மிதிபட்டவருக்கு மிதிக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டான். அப்புறம் கர்லியின் மனைவி வருகிறாள். க்ரூக்ஸ் வெளியே போகச் சொன்னதும், உன்னை மரத்தில் தொங்கவிடுவது எனக்குச் சுலபம் என்கிறாள். அவர் அப்படியே ஒடுங்கிப்போகிறார். கையிழந்த கிழவர் கேண்டியும் கூடவே இருக்கிறார். நாலு பேருமே ஒதுக்கப்பட்டவர்கள். கர்லி அந்தப் பக்கமே இல்லை. ஆனாலும் வதை நடக்கிறது.

கர்லியின் மனைவியை வெறும் 'மயக்குக்காரி' என்று தள்ளுவதும் தவறுதான். நாவலில் அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது. பேச ஆள் இல்லாமல் அலைகிறவள் அவள்.

கேண்டியின் கிழட்டு நாயைச் சுட்டுக் கொல்வதை, நாவலின் முடிவுக்கான முன்னறிவிப்பாக மட்டும் பார்க்கிறார்கள். அதைக் கொல்ல யார் முடிவு செய்தது என்று பாருங்கள். நாற்றம் தாங்கவில்லை என்று பண்ணையாள் கார்ல்சன் நச்சரிக்கிறான். கேண்டி உதவிக்கு ஸ்லிம்மின் முகத்தைப் பார்க்கிறார். ஸ்லிம் நல்ல மனுஷன், பண்ணையில் அவன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவனும் 'சரி' என்றதும் கேண்டிக்குப் போக்கிடமில்லை. அதிகாரம் கர்லியின் முஷ்டியில் மட்டும் இருப்பதாக நினைத்தால் இந்த இடம் கண்ணில் படாமலே போகும்.

ஜார்ஜும் பிறவியிலேயே உத்தமன் இல்லை. முன்பு லென்னியை வைத்து வேடிக்கை காட்டியவன். ஆற்றில் குதி என்றதும் நீச்சல் தெரியாத லென்னி குதித்துவிட்டான். கரையேற்றியதற்கு ஜார்ஜுக்கே நன்றியும் சொன்னான்! அன்றோடு ஜார்ஜ் அந்த விளையாட்டை விட்டான். இந்த வெட்கத்தையும் கணக்கில் எடுத்தால்தான் அவர்கள் நட்பு புரியும்.

கடைசியில் ஜார்ஜ் லென்னியைச் சுடுவதைக் 'கருணை' என்றோ 'கொலை' என்றோ ஒற்றைச் சொல்லில் அடைக்காதீர்கள். என் நாயை நானே சுட்டிருக்க வேண்டும் என்று கேண்டி மனம் நொந்து சொன்னது ஜார்ஜிடம்தான். அவன் எடுத்துப்போனதும் அந்த நாயைச் சுட்ட கார்ல்சனின் துப்பாக்கியைத்தான். இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதுங்கள்.